மங்களம் வரைக்கும்

மருந்துக்கடை நெல்லையப்பன் அண்ணாச்சி குனிந்து காதோரம் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உலகம்மாளுக்குப் பாட்டு உள்ளே ஏறவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் நிற்கிற விருந்தாளி மாதிரி அது காதுமடலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான். "ஏம்மா உலகு, இன்னைக்குப் பாடுத அம்மாவுக்கு நீதான் பொன்னாடை போத்தணும். எங்க வீட்டுக்காரி மக பிரசவத்துக்குப் பெங்களூரு போயிட்டாள்லா. தனி முடிஞ்சதும் மைக்ல கூப்பிடுவேன், வந்திரு." பதிலுக்கு நிற்கவில்லை. இருமல் மருந்து கேட்டால் எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாரே, அதே போல நீட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆட்டினாள்தான், ஆனால் அந்த ஆட்டல் சரி என்கிற பக்கத்துக்குப் போய்விட்டது. பயந்தால் அவள் தலை எப்போதும் அந்தப் பக்கம்தான் ஆடும். மேடையில் பாடுகிற சௌந்தரவல்லி அம்மாள், சொந்த ஊர் ராஜபாளையம் என்று ஆரம்பத்தில் மைக்கில் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக்கொலுசு போட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது உலகுக்கு. மாட்டிவிட்டது போலிருக்கும், இழுத்தால் நழுவிப் போகும், மறுபடி துழாவும். இந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். பிடித்த இடத்தில் போய் அண்ணாச்சி இப்படி ஒரு கல்லைப் போட்டுவிட்டாரே.

ஏன் நான் என்று கேட்டுப் பார்த்தாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது, திரும்பிப் பார்த்தாலே தெரிகிறது. மேடையில் பெண் பாடினால் பெண்தான் போர்த்த வேண்டும், ஆண் பாடினால் ஆண். இது அண்ணாச்சி நடத்துகிற இந்தச் சங்கீத மன்றத்தில் எழுதி வைக்காத சட்டம். முன்பொரு தடவை, சிறப்பு விருந்தினராக வந்த காண்ட்ராக்டர் ஒருவர் ஆர்வக்கோளாறில் பாட்டுக்கார அம்மாவின் தோள்வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டாராம். அந்த அம்மா சட்டென்று இரண்டு கையையும் நீட்டித் தடுக்க, பொன்னாடை துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருவருக்கும் நடுவில் தொங்கிற்றாம். அன்றிலிருந்து அண்ணாச்சி ரொம்பக் கவனம். இன்றைக்கு இந்த மாடிக் கூடத்தில் பொம்பிளை என்று பார்த்தால், பாடுகிறவளை விட்டால், மூட்டுவலியோடு சுவரோரம் நாற்காலி போட்டிருக்கும் லீலா டீச்சர். அவளை மாடிக்கு ஏற்றவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது, மேடைக்கு எங்கே ஏற்றுவது. அப்புறம் கடைசி வரிசையில், கதவோரம், மடியில் கைப்பிள்ளை ஹர்ஷினியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவள். இவள் இந்தக் கதவோர நாற்காலிக்காகவே சீக்கிரம் வருகிறவள். பிள்ளை சிணுங்கினால் எழுந்து போக வசதி, யாரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள், மேலே காற்றாடி நேராக இருக்கிறது.

காற்றாடி என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்றது. அடுத்த வீட்டுச் செல்லக்கனி தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏளா, கச்சேரிக்கா போற, இல்ல காத்து வாங்கப் போறியா?" என்று கேட்டாளே, அதில் ஒரு பொய்யும் இல்லை. சித்திரை வெயிலில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம், பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. பவுடர் வாங்க மருந்துக்கடைக்கு வந்தவள், மாடியில் பெரிய பெரிய காற்றாடி சுற்றுகிறது என்றுதான் படியேறினாள். யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கத்துகிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். பிள்ளை உறங்கட்டும், எழுந்து போய்விடலாம் என்று இருந்தவளுக்குக் கொஞ்சம் நேரம் போனதும் அந்தக் கத்தலுக்குள்ளே ஒரு ஒற்றையடிப் பாதை தெரிந்தது. அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று இருந்தாள். மறுநாள் அரிசி களையும்போது, வார்த்தை ஒன்றும் இல்லாமல், அது தானாக மூக்கு வழியாக வந்தது. பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள், என்னவோ களவாண்டுகொண்டு வந்த மாதிரி. அதற்கப்புறம் கரண்ட் இருக்கிற நாளிலும் வந்தாள். வீட்டில் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிட்டு வந்தாள். ஆனாலும் ரசிகர்கள் என்று மைக்கில் சொல்லும்போது அது தன்னைச் சேர்த்துத்தான் என்று ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை. ரசிகர் என்றால் முன்வரிசை ஆட்கள். தொடையில் தட்டுவார்கள், த்ஸொ த்ஸொ என்பார்கள், பாட்டு தொடங்கினதுமே காம்போதி என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிடுவார்கள். இவளுக்குக் காம்போதி என்றால் அந்தப் பாதாளக்கொலுசு. இன்னொன்று உண்டு, அதன் பேர் தெரியாது, அதற்கு வேகாத பருப்பு என்று வைத்திருக்கிறாள். இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா. மேடையில் ஏற்றி இரண்டு வார்த்தை பேசும்மா என்று அண்ணாச்சி மைக்கை நீட்டிவிட்டால் வேகாத பருப்பு என்றா சொல்வது.

ரவிக்கையின் கக்கத்தில் விட்டுப்போன தையலைப் பச்சை நூலால் போட்டிருக்கிறாள். ரவிக்கை தவிட்டு நிறம். பொன்னாடை போர்த்தக் கையைத் தூக்கத்தானே வேண்டும், தூக்கினால் பச்சை நூல் தெரியும். அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாள், நாம் நின்றுகொண்டே போர்த்தினால் மரியாதையாக இருக்குமா, குனிந்தால் முந்தானை நழுவாதா. வலது தோளில் தொடங்குவதா, இடது தோளிலா. அண்ணாச்சி வீட்டுக்காரி சிவகாமி அக்கா போர்த்தும்போது எப்படிப் போர்த்தினாள் என்று யோசித்துப் பார்த்தாள். பார்த்திருந்தால்தானே தெரியும். பார்த்ததே இல்லை. இத்தனை கச்சேரிக்கு வந்திருக்கிறாள், ஒரு கச்சேரியாவது எப்படி முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. பெரிய பாட்டு முடிந்ததும் பாடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ள, மிருதங்கக்காரர் மட்டும் தனியாக வாசிப்பார். தனி என்று அதற்குப் பேர். தனி தொடங்கியதும் நாற்காலிகள் கறமுறவென்று பின்னால் நகரும், முன்வரிசை ரசிகர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே காப்பிக்கு இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இவளும் இறங்கிவிடுவாள். கீழே அவள் புருஷன் சங்கிலி வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து வண்டியில் காத்திருப்பான். "கச்சேரி முடிஞ்சிட்டா?" என்பான். "முடிஞ்சிட்டு" என்பாள். மேலே மிருதங்கம் முழங்கிக்கொண்டிருக்கும், அவனுக்கும் கேட்கும், இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒரு தடவை மட்டும், நீயும் ஒரு நாள் மேடை ஏறிப் பாடு, நான் வெல்டிங் மிஷினைப் போட்டுச் சுதி பிடிக்கேன், அதுவும் உம்முன்னுதான் கத்துது என்றான். அன்று ராத்திரி முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஆகவே, இன்றைக்கும் தனி தொடங்கினதும் இறங்கிவிட்டால் ஆயிற்று. யாரும் பிடித்து வைக்கப் போவதில்லை.

யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், சரி. அப்புறம் மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரே. உலகம்மாள், உலகம்மாள். காலி நாற்காலியை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில், படிப்பை நிறுத்திய வருஷம், தையலில் முதல் பரிசு அவளுக்குத்தான். ஆண்டுவிழாவில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாவாடைத் தும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழாய் ஒலிபெருக்கி வழியாக அவள் பேர் தொட்டியில் வந்து மோதிற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. அப்புறம் வேறு பேர் வந்தது, கைதட்டினார்கள். மறுநாள் வகுப்பில் டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, இந்தா என்று ஒரு சோப்பு டப்பாவை நீட்டினாள். ரோஸ் கலர், மூடியில் அன்னம். கைதட்டல் இல்லாத சோப்பு டப்பா. கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தாள், இப்போதும் குளியலறையில் அதுதான் இருக்கிறது. அன்னத்தின் கழுத்து தேய்ந்து வாத்து ஆகிவிட்டது. நல்ல டப்பாதான். ஆனால் தினமும் சோப்பை எடுக்கும்போது என்னவோ ஒன்று அதிலிருந்து வழுக்கிக் கீழே விழுகிறது. இன்றைக்கும் ஓடினால் மறுபடி இந்தப் படி ஏற முடியுமா. அண்ணாச்சி திட்ட மாட்டார், நல்ல மனிதர், சின்னப்பிள்ளை பாவம் என்று விட்டுவிடுவார். அவர் விட்டுவிடுவார், இவளால் முடியாது. மருந்துக்கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வேறு கடையில் பவுடர் வாங்க வேண்டும். சாயங்காலம் மேலே சுதிப்பெட்டி ஊம் என்று தொடங்கும்போது கீழ்த்தெருவில் காய் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வீடு அவளும் சங்கிலியுமாகக் கட்டிக் காக்கிறது, பிள்ளை இரண்டு பேருக்கும் பொது. இந்தக் கதவோர நாற்காலி ஒன்றுதான் அவளாகத் தேடிப் பிடித்தது. அது போய்விடும்.

வாளி மாட்டிவிட்டது. மேடையில் அந்த அம்மா ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிட்டாள். முன்வரிசையில் ஒருவர் ஆஹா என்றார். உலகுக்கும் தொண்டை வரைக்கும் வந்தது, வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தனி தொடங்கிவிட்டது. நாற்காலிகள் கறமுற என்றன, வேட்டிகள் மடிந்தன, கூட்டம் கதவைப் பார்த்து வந்தது. அவள் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. கால் பழக்கம். பிள்ளையைத் தோளில் சாய்த்துப் பையை மாட்டிக்கொண்டு படித்தலை வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு செருப்பில் கால் நுழைந்தும் விட்டது. இறங்குகிறவர்கள் படியை அடைத்துக்கொண்டு, மழை, மாப்பிள்ளை, சர்க்கரை இல்லாத காப்பி என்று பேசியபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சங்கிலியின் ஹார்ன் கேட்டது. ஆடு செருமுகிற மாதிரி அது ஒரு தனி ஹார்ன், தெருவுக்கே தெரியும். வழக்கமாக அது கேட்டதும் அவளுக்கு வீடு வந்த மாதிரி இருக்கும். இன்று அது இன்னொரு மைக் மாதிரி இருந்தது. இறங்கு இறங்கு என்றது. பின்னால் மிருதங்கம் மெல்ல ஆரம்பித்திருந்தது. புளியங்கொட்டையை முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி பதறாமல், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. உலகின் கை பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, அது தூங்க வைக்கிற தட்டுதான். ஹார்ன் மறுபடி கேட்டது. அவள் மற்ற செருப்பைத் தேடினாள். அது யாரோ ஒருவருடைய செருப்புக்குக் கீழே கிடந்தது, காலால் இழுத்தாள், வரவில்லை. அந்த நேரத்தில்தான் கீழே வண்டியின் சத்தம் நின்றது. போய்விட்டானா என்று ஒரு கணம் திக்கென்றது. போகவில்லை, போயிருந்தால் சத்தம் தூரமாகப் போகும், இது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்திருக்கிறான். பெட்ரோல் போகிறதே என்று அணைத்தானோ, இன்று நேரமாகும் போல என்று அணைத்தானோ, எதற்கு அணைத்தால் என்ன. அணைத்துவிட்டான். இருந்துட்டு வா என்று யாரோ சொன்ன மாதிரி தெரு அமைதியாகிவிட்டது. அவள் நுழைத்திருந்த செருப்பையும் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

திரும்பினால் கூடமே காலி. லீலா டீச்சர் கண்ணை மூடியிருந்தாள், அண்ணாச்சி பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையைச் சத்தம் வராமல் பிரிக்கப் பார்த்துச் சத்தம் வரவழைத்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்து மிருதங்கக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் ஆள் இல்லாமல் பரிமாறுகிற மாதிரி. எப்படி நடந்தாள் என்று தெரியாது, முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இங்கேயும் மேலே ஒரு காற்றாடி இருந்தது, ஆனால் அது ஓடவில்லை. பரவாயில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, பாடுகிற அம்மா சும்மா இல்லை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறாள், வெந்நீர் பிளாஸ்க்கை இடது கையால் திறக்கிறாள், குடிக்கிறாள், வலது கை விட்டுவிடவில்லை. உலகு அந்தக் கையையே பார்த்தாள். அதைப் பார்த்து அப்படியே பிள்ளையின் தொடையில் தட்டிப் பார்த்தாள். தப்பிப் போயிற்று. மறுபடி பிடித்தாள், மறுபடி தப்பிற்று. அந்த அம்மா பார்த்துவிட்டாள். மூக்குத்தி மினுங்கச் சிரித்துவிட்டு, இவளுக்குத் தெரிகிற மாதிரி கையைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் போட்டாள். அப்போது பிடிபட்டது போலிருந்தது, பிடிபட்டதோ என்னவோ. புளியங்கொட்டை இப்போது ஆலங்கட்டி மழையாகி ஓட்டு மேல் விழுந்தது. இந்த மழை இப்படிப் பெய்யும் என்று தெரியாமல் இத்தனை நாள் படியிறங்கிப் போயிருக்கிறோமே என்று நினைத்தாள். பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள், இருக்கிறது, வயிற்றில் ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பி குடித்தவர்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். முன்வரிசையில் இவளைப் பார்த்ததும் ஒருவர் தயங்கினார், பிறகு அடுத்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். இவ்வளவுதானா இது.

தனி முடிந்தது, கைதட்டினார்கள், கைதட்டலில் ஹர்ஷினி முழித்துக்கொண்டாள். அண்ணாச்சி மைக்கைத் தட்டினார். நமது மன்றத்தின் ரசிகை, திருமதி உலகம்மாள் சங்கிலி அவர்கள் என்றார். ரசிகை என்ற வார்த்தை கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடம் வந்து நின்றது. தண்ணீர்த் தொட்டி ஒன்றும் பக்கத்தில் இல்லை. எழுந்தாள். படியில் கால் இடறவில்லை, முந்தானை நழுவவில்லை. பச்சை நூல் ஞாபகம் மேடைக்குப் போன பிறகுதான் வந்தது, வந்து என்ன செய்ய. அண்ணாச்சி ஒரு கையில் மைக், ஒரு கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் பொன்னாடை. அதை எடுத்து விரிக்க இரண்டு கை வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரு கை, மற்றதில் பிள்ளை. இதை அவள் யோசிக்கவே இல்லை. முந்தானை, தோள், நூல் எல்லாம் யோசித்தாள், இதை யோசிக்கவில்லை. கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒன்றும் ஓடாமல், வீட்டில் சோறு வடிக்கும்போது பக்கத்தில் இருக்கிற ஆளிடம் கொடுப்பது போல, "கொஞ்சம் பிடிங்கம்மா" என்று பிள்ளையைப் பாட்டுக்கார அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டாள். அண்ணாச்சி ஐயோ என்று சொல்ல வந்ததை மைக் இருந்ததால் விழுங்கிக்கொண்டார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை, இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பிள்ளை அவள் கழுத்துச் செயினைப் பிடித்தது. உலகு பொன்னாடையை விரித்து, வலதா இடதா என்று பார்க்காமல், பாடகியையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றிப் போர்த்தினாள். கூடம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலுமாக எழுந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, அது அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி மாறிற்று. உலகுக்குப் பொறி தட்டியது. முழித்தவுடன் பிள்ளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா. வேர்க்குரு தடிக்கிறது என்று டயப்பர் போடாமல் துணிதானே கட்டிக் கொண்டுவந்தாள். பட்டுப்புடவை. அரக்குப் பட்டு. பூமி பிளக்கவில்லை, மேடையும் பிளக்கவில்லை. அந்த அம்மா மைக்கை முழங்கையால் தள்ளிவிட்டு, வாயை அசைக்காமல், இவளுக்கு மட்டும் சொன்னாள்.

"கீழ வரைக்கும் இழுத்து விடும்மா. மடியெல்லாம் ஈரமாயிருச்சு." உலகு பொன்னாடையை மடிவரைக்கும் இழுத்துப் பரப்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். எனக்கும் மூணு பிள்ளைங்க. சிரிச்சிராத, மைக் பக்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து இவள் கையில் தந்தாள்.

மறுபடி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஈரத்துணியை உருவிப் பைக்குள் திணித்துவிட்டுப் பிள்ளையை முந்தானையால் சுற்றிக்கொண்டாள். மற்றவர்கள் பொன்னாடையை வாங்கினதும் மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவார்களாம், பக்கத்து நாற்காலிக்காரர் அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த அம்மா பாருங்க, போர்த்தினதை எடுக்காமலே பாடுறாங்க, எவ்வளவு மரியாதை. உலகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேடையில் அந்த அம்மா இரண்டு சின்னப் பாட்டுப் பாடினாள், பிறகு மங்களம் தொடங்கினாள். கச்சேரி முடிவது இப்படித்தானா. பெரிதாக என்னவோ இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள், வாணவேடிக்கை மாதிரி. அப்படி ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சோற்றுப்பானையை மூடி, வாசல் விளக்கை ஏற்றுகிற மாதிரி சின்னதாக, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் கை தொடையில், பொன்னாடைக்கு மேலே, ஈரத்தின் மேலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள். அது எதனால் என்று இந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெரிந்த மூன்றாமவள் மடியில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

செருப்பு இரண்டும் இப்போது சுளுவாகக் கிடைத்தன. படியிறங்கினபோது சங்கிலி வண்டியில் சாய்ந்து நின்று, கையிலிருந்த கரியை ஒரு வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. "முடிஞ்சிட்டா?" என்றான்.

"முடிஞ்சிட்டு."

அவள் ஏறி உட்கார்ந்து பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பி, மருந்துக்கடை விளக்கு மறைந்து, ஆள் நடமாட்டம் இல்லாத ரைஸ்மில் பாதைக்கு வந்ததும், மைக் ஒன்றும் பக்கத்தில் இல்லாத அந்த இடத்தில், அவளுக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பு வந்தது. சங்கிலி வண்டியை மெதுவாக்கித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சொல்லுதேன், வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன் என்றாள், சொல்ல முடியாமல் மறுபடி சிரித்தாள். முதுகில் அந்தச் சிரிப்பு குலுங்குவது தாங்காமல் அவனும், என்னவென்றே தெரியாமல், சிரிக்கத் தொடங்கினான்.